என்ரிக்கா லெக்சி வழக்கு

என்ரிக்கா லெக்சி வழக்கு என்பது 2012 பெப்ரவரி 15 அன்று கேரளக் கரைக்கு அப்பால் அரபிக்கடலில் இரண்டு இந்திய மீனவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து இந்தியாவுக்கும் இத்தாலிக்கும் இடையே எழுந்த சட்டப் பிணக்கும் தூதரகப் பிணக்கும் ஆகும். இத்தாலியக் கொடியுடன் சென்ற என்ரிக்கா லெக்சி என்னும் எண்ணெய்க் கப்பலில் காவலுக்கு இருந்த இத்தாலியக் கடற்படை வீரர்களே சுட்டனர் என்பது இந்தியாவின் குற்றச்சாட்டு. இந்திய நீதிமன்றங்களுக்கு இவ்வீரர்களை விசாரிக்கும் அதிகாரம் இல்லை என்பது இத்தாலியின் வாதம். இறந்தவர்களில் ஒருவர் கேரளத்தின் கொல்லத்தையும் மற்றொருவர் தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தையும் சேர்ந்தவர்கள்.

2012 முதல் 2021 வரை நீடித்த இவ்வழக்கு கேரள உயர் நீதிமன்றம், இந்திய உச்ச நீதிமன்றம், அம்பர்க்கில் உள்ள பன்னாட்டுக் கடற்சட்டத் தீர்ப்பாயம், த ஹேக்கில் அமர்ந்த நடுவர் தீர்ப்பாயம் ஆகியவற்றின் முன் சென்றது. இக்காலத்தில் இரு நாட்டு உறவுகள் பெரிதும் நலிவுற்றன. ஒரு கட்டத்தில் இத்தாலியத் தூதர் இந்தியாவை விட்டு வெளியேறக்கூடாது என உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. இது தூதரக வரலாற்றில் அரிதான நிகழ்வாகும்.

முன்வரலாறு

இத்தாலிய மூவலந்தீவுக்கும் தென்னிந்தியக் கரைக்கும் இடையிலான தொடர்பு மிகப் பழமையானது. உரோமைப் பேரரசின் வணிகர்கள் மிளகு, முத்து, துணி ஆகியவற்றுக்காக முசிறி முதலிய துறைமுகங்களுக்கு வந்தனர். புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டு அகழாய்வில் உரோமைத் தொடர்பைக் காட்டும் மட்பாண்டங்கள் கிடைத்துள்ளன. பிற்காலத்தில் மதுரையில் பணியாற்றிய இராபர்ட் தெ நோபிலி (1577–1656), வீரமாமுனிவர் என்று தமிழர் அறியும் கான்சுடன்டைன் சோசப் பெசுகி (1680–1747) ஆகியோர் இத்தாலியில் பிறந்தவர்கள்.

விடுதலை பெற்ற இந்தியாவுக்கும் இத்தாலிக்கும் இடையே தூதரக உறவுகள் 1947 ஆம் ஆண்டில் தொடங்கின. அதன்பின் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக இரு நாடுகளுக்கும் இடையே பெரும் பிணக்கு எதுவும் எழவில்லை. இந்நிலையை மாற்றியது 2012 இன் துப்பாக்கிச் சூடாகும்.

குமரி மேற்குக் கரை மீனவர்கள்

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், குழித்துறையாறு கடலில் கலக்கும் இடத்தில் தேங்காய்ப்பட்டணம் அமைந்துள்ளது. ஆற்றின் கழிமுகத்துக்கு மறுபுறம் இரயுமன்துறை தொடங்கிப் பூத்துறை, தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, மார்த்தாண்டன்துறை, நீரோடி என்று கேரள எல்லை வரை மீனவர் ஊர்கள் தொடர்ச்சியாக உள்ளன. இவ்வூர்களின் மீனவர்கள் ஆழ்கடல் மீன்பிடிப்பில், குறிப்பாகச் சுறா பிடிப்பதில், பெயர் பெற்றவர்கள். பல நாட்கள், சில வேளைகளில் வாரக் கணக்கில், கடலில் தங்கி மீன்பிடிப்பது இவர்களது வழக்கம்.

பெரிய படகுகளை நிறுத்தும் வசதி நெடுங்காலம் தம் ஊர்களில் இல்லாமையால், இவர்கள் கொல்லத்தை அடுத்த நீண்டகரை, கொச்சி முதலிய துறைகளைத் தளமாகக் கொண்டு தொழில் செய்து வந்தனர். எனவே தமிழ்நாட்டவருக்குச் சொந்தமான படகில் தமிழ்நாட்டு மீனவர்களும் கேரள மீனவர்களும் சேர்ந்து செல்வது இக்கடலில் இயல்பான ஒன்று. 1956 நவம்பர் 1 வரை இரு கரைகளும் ஒரே ஆட்சியின் கீழ் இருந்தவை என்பதும் இங்கு கருதத்தக்கது. சுடப்பட்ட 'செயின்ட் ஆன்டனி' என்னும் படகும் இவ்வகையானதே. கன்னியாகுமரி மாவட்டத்தில் பதிவு செய்யப்பட்ட இப்படகு நீண்டகரையிலிருந்து கடலுக்குச் சென்றிருந்தது.

கடற்கொள்ளையும் ஆயுதக் காவலும்

2008 முதல் சோமாலியக் கடற்கொள்ளையர் ஏடன் வளைகுடாவிலும் அதற்கு அப்பாலும் வணிகக் கப்பல்களைக் கைப்பற்றிப் பிணைப்பணம் கேட்டு வந்தனர். கைப்பற்றிய கப்பல்களைத் தாய்க்கப்பலாகப் பயன்படுத்தி அவர்கள் அரபிக்கடலின் கிழக்குப் பகுதி வரை வரத் தொடங்கினர். இதனால் 2010 இல் கப்பல் தொழில் அமைப்புகள் தாம் வரையறுத்திருந்த 'உயர் ஆபத்துப் பகுதி'யின் எல்லையைக் கிழக்கு நெட்டாங்கு 78 பாகை வரை நீட்டின. கன்னியாகுமரி முனை ஏறத்தாழ 77.5 பாகையில் உள்ளது. ஆகவே இந்தியாவின் மேற்குக் கடற்கரை முழுவதும், அங்கு மீன்பிடிக்கும் ஆயிரக்கணக்கான படகுகளும், கப்பல் தொழிலின் கணக்கில் கடற்கொள்ளை ஆபத்துள்ள கடலுக்குள் வந்தன.

இவ்வெல்லைக்குள் செல்லும் கப்பல்கள் காப்பீட்டுக்குக் கூடுதல் தொகை செலுத்த வேண்டியிருந்தது. பல கப்பல்கள் ஆயுதக் காவலரை ஏற்றிச் சென்றன. சில நாடுகள் இதனைத் தனியார் நிறுவனங்களிடம் விட்டன. இத்தாலி 2011 இல் இயற்றிய சட்டத்தின் மூலம் தன் கடற்படை வீரர்களையே வணிகக் கப்பல்களில் காவலுக்கு அமர்த்த வழிசெய்தது. கப்பல் தனியாருடையது; காவலரோ அரசுப் படையினர். இந்தக் கலப்பு ஏற்பாடே பின்னர் வழக்கின் முதன்மைக் கேள்விக்கு வித்திட்டது.

நிகழ்வு

2012 பெப்ரவரி 15 அன்று என்ரிக்கா லெக்சி இலங்கையிலிருந்து சிபூட்டி நோக்கிச் சென்று கொண்டிருந்தது. இத்தாலியக் கடற்படையின் சான் மார்க்கோ படைப்பிரிவைச் சேர்ந்த ஆறு வீரர்கள் அதில் இருந்தனர். மாலை 4.30 மணியளவில், கேரளக் கரையிலிருந்து ஏறத்தாழ 20.5 கடல் மைல் (38 கிலோமீட்டர்) தொலைவில், செயின்ட் ஆன்டனி படகின் மீது கப்பலிலிருந்து துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டது. படகின் சுக்கானைப் பிடித்திருந்த கொல்லத்தைச் சேர்ந்த வாலண்டைன் ஜெலஸ்டின், கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்த இளைஞர் அஜீஷ் பிங்க் ஆகிய இருவரும் குண்டடிபட்டு இறந்தனர். மீனவர்களில் பலர் அப்போது உறங்கிக் கொண்டிருந்தனர். படகு இறந்தோர் உடல்களுடன் நீண்டகரைக்குத் திரும்பியது.

இரு தரப்பின் விவரிப்புகளும் வேறுபட்டன. படகு தம்மை நோக்கி நேராக வந்தது என்றும், ஒளி, ஒலிக் குறிப்புகளுக்குப் பின்னும் விலகாமையால் கடற்கொள்ளையர் எனக் கருதி எச்சரிக்கையாக நீரில் சுட்டனர் என்றும் இத்தாலியத் தரப்பு கூறியது. தாங்கள் ஆயுதமற்றவர்கள், தங்கள் வழியில் சென்றவர்கள், எச்சரிக்கை எதுவும் தரப்படவில்லை என்று மீனவர்கள் கூறினர்.

நிகழ்வுக்குப் பின் கப்பல் தன் வழியே தொடர்ந்து சென்றது. கடலோரக் காவல்படையும் மும்பை கடல்சார் மீட்பு ஒருங்கிணைப்பு மையமும் தொடர்பு கொண்டு கொச்சிக்குத் திரும்புமாறு கூற, கப்பல் திரும்பியது. இது தந்திரமாக வரவழைக்கப்பட்டது எனப் பின்னாளில் இத்தாலி வாதிட்டது.

கைதும் தொடக்க நடவடிக்கைகளும்

நீண்டகரைக் கடலோரக் காவல் நிலையத்தில் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 302 ஆம் பிரிவின் (கொலை) கீழ் வழக்குப் பதியப்பட்டது. பெப்ரவரி 19 அன்று மாசிமிலியானோ லத்தோரே, சல்வத்தோரே சிரோனே ஆகிய இரு வீரர்கள் கைது செய்யப்பட்டனர். மே மாதம் கப்பல் விடுவிக்கப்பட்டது. மே 18 அன்று கேரளக் காவல்துறை குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. இதற்கு எதிர்ப்புத் தெரிவிக்கும் வகையில் இத்தாலி தன் தூதரைக் கலந்தாய்வுக்காக உரோமுக்குத் திருப்பி அழைத்தது. மே இறுதியில் கேரள உயர் நீதிமன்றம் இருவருக்கும் பிணை வழங்கியது. வழக்கையே தள்ளுபடி செய்ய வேண்டும் என்ற அவர்களின் மனுவை அதே நீதிமன்றம் ஏற்கவில்லை.

2012 ஏப்ரலில் இத்தாலிய அரசு இறந்த இருவரின் குடும்பங்களுக்கும் தலா 1 கோடி ரூபாயும், படகின் உரிமையாளருக்கு 17 இலட்சம் ரூபாயும் வழங்கியது. இது குற்றத்தை ஒப்புக்கொண்டு தரும் இழப்பீடு அன்று, நல்லெண்ணத் தொகையே என்று இத்தாலி கூறியது. இதற்கு ஈடாகக் குடும்பத்தினர் வழக்கிலிருந்து விலகினர். கொலை வழக்கில் இத்தகைய உடன்பாடு செய்துகொள்வதை உச்ச நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்தது.

இத்தாலியில் இவ்விரு வீரர்களும் பொதுமக்களின் பெரும் ஆதரவைப் பெற்றனர். 2012 அக்டோபரில் இந்தியாவில் நடந்த பார்முலா 1 பந்தயத்தில் பெராரி நிறுவனம் தன் கார்களில் இத்தாலியக் கடற்படையின் சின்னத்தைப் பொறித்தது. இந்திய வெளியுறவு அமைச்சு இதனை விரும்பவில்லை. கேரளத்திலும் குமரிக் கரையிலும் இறந்தவர்களுக்கு நீதி வேண்டும் என்ற கோரிக்கை வலுத்தது. இரு அரசுகளும் விட்டுக்கொடுப்பதைக் கடினமாக்கிய காரணிகளில் இதுவும் ஒன்று.

கடல் எல்லைகளும் அதிகாரமும்

இவ்வழக்கைப் புரிந்துகொள்ளக் கடல் எல்லைகள் பற்றிய அறிவு தேவையாகிறது. 1982 ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் கடற்சட்ட உடன்படிக்கை கரையோர நாட்டின் உரிமைகளைத் தொலைவுக்கு ஏற்பப் படிப்படியாகக் குறைக்கிறது.

ஆட்புலக் கடல்: கரையின் அடிக்கோட்டிலிருந்து 12 கடல் மைல் (22 கி.மீ) வரை. இங்கு கரையோர நாட்டுக்கு முழு இறைமை உண்டு. பிற நாட்டுக் கப்பல்கள் தீங்கின்றிக் கடந்து செல்லலாம்.

அடுத்துள்ள மண்டலம்: 24 கடல் மைல் (44 கி.மீ) வரை. சுங்கம், வரி, குடிவரவு, நலவாழ்வு ஆகியவை தொடர்பான சட்ட மீறல்களைத் தடுக்கவும் தண்டிக்கவும் மட்டும் அதிகாரம் உண்டு.

தனிப் பொருளாதார மண்டலம்: 200 கடல் மைல் (370 கி.மீ) வரை. மீன்வளம், கனிமங்கள் முதலிய வளங்களின் மீது தனி உரிமை உண்டு. கப்பல் போக்குவரத்து அனைத்து நாடுகளுக்கும் பொது.

துப்பாக்கிச் சூடு நடந்த இடம் 20.5 கடல் மைல் தொலைவில் உள்ளது. அதாவது ஆட்புலக் கடலுக்கு வெளியே, அடுத்துள்ள மண்டலத்துக்கு உள்ளே. இந்த எட்டரைக் கடல் மைல் வேறுபாடே வழக்கின் மையமாக அமைந்தது.

இத்தாலி முக்கியமாக இரண்டு வாதங்களை முன்வைத்தது. முதலாவது, உடன்படிக்கையின் 97 ஆம் விதி. கப்பல் மோதல் அல்லது 'பிற கப்பலோட்ட நிகழ்வு' நேர்ந்தால், கப்பலின் கொடி நாடு அல்லது குற்றம் சாட்டப்பட்டவரின் சொந்த நாடு மட்டுமே தண்டனை நடவடிக்கை எடுக்கலாம் என்று இவ்விதி கூறுகிறது. இரண்டாவது, விலக்குரிமை. ஒரு நாட்டின் அலுவலர் தம் அலுவலின் பகுதியாகச் செய்த செயலுக்காகப் பிற நாட்டு நீதிமன்றம் அவரை விசாரிக்க முடியாது என்பது வழக்காற்றுப் பன்னாட்டுச் சட்டம். இந்தியாவின் மறுமொழி எளிமையானது. துப்பாக்கியால் சுடுவது கப்பலோட்ட நிகழ்வு ஆகாது. கப்பலிலிருந்து புறப்பட்ட குண்டு இந்தியப் படகில் பாய்ந்து இந்தியரைக் கொன்றதால், குற்றம் நிறைவுற்ற இடம் இந்தியப் படகே ஆகும்.

உச்ச நீதிமன்றத் தீர்ப்பு (2013)

2013 சனவரி 18 அன்று தலைமை நீதிபதி அல்தமசு கபீர், நீதிபதி செலமேசுவர் ஆகியோர் கொண்ட அமர்வு தீர்ப்பளித்தது. ஒரு மாநிலத்தின் அதிகாரம் 12 கடல் மைலுடன் முடிவதால், கேரள அரசுக்கு இவ்வழக்கை நடத்தும் அதிகாரம் இல்லை என நீதிமன்றம் கூறியது. எனினும் இந்திய ஒன்றியத்துக்கு அவ்வதிகாரம் உண்டு. 1976 ஆம் ஆண்டின் கடல் மண்டலச் சட்டமும், அதன்கீழ் 1981 இல் வெளியிடப்பட்ட அறிவிக்கையும் இந்தியக் குற்றவியல் சட்டங்களைத் தனிப் பொருளாதார மண்டலம் வரை நீட்டுகின்றன என்பது இதற்கான அடிப்படைகளில் ஒன்று. 97 ஆம் விதி இதற்குப் பொருந்தாது என்றும் நீதிமன்றம் முடிவு செய்தது. தலைமை நீதிபதியுடன் கலந்து தனி நீதிமன்றம் ஒன்றை அமைக்குமாறு நடுவண் அரசு பணிக்கப்பட்டது. அதிகாரம் பற்றிய கேள்வியை இத்தாலி அங்கு மீண்டும் எழுப்பலாம் எனவும் வழி விடப்பட்டது.

தூதர் நெருக்கடி

2012 திசம்பரில் நத்தார் விழாவுக்காகத் தாயகம் செல்ல அனுமதிக்கப்பட்ட இரு வீரர்களும் சொன்னபடி சனவரியில் திரும்பி வந்தனர். அதனால் 2013 பெப்ரவரி 22 அன்று, இத்தாலியப் பொதுத் தேர்தலில் வாக்களிக்க நான்கு வாரம் சென்றுவர உச்ச நீதிமன்றம் மீண்டும் அனுமதித்தது. அவர்கள் திரும்புவார்கள் என்று இத்தாலியத் தூதர் தானியேலே மான்சினி நீதிமன்றத்தில் எழுத்துமூலம் உறுதியளித்திருந்தார்.

மார்ச் 11 அன்று, வீரர்கள் திரும்ப மாட்டார்கள் என இத்தாலி அறிவித்தது. இது பன்னாட்டுப் பிணக்காகிவிட்டது என்பது அதன் விளக்கம். இந்திய நாடாளுமன்றத்தில் கடும் எதிர்ப்பு எழுந்தது. இத்தாலி தன் சொல்லைக் காக்காவிடில் விளைவுகள் ஏற்படும் எனத் தலைமை அமைச்சர் மன்மோகன் சிங் கூறினார். மார்ச் 14 அன்று, தன் அனுமதியின்றித் தூதர் நாட்டை விட்டு வெளியேறக்கூடாது என உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது.

இவ்வாணை தூதரகச் சட்டத்தின் அடிப்படையையே தொட்டது. 1961 ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கையின் 29 ஆம் விதிப்படி தூதரைக் கைது செய்யவோ தடுத்து வைக்கவோ இயலாது. அவரது விலக்குரிமையை அவரை அனுப்பிய நாடு வெளிப்படையாக மட்டுமே விட்டுக்கொடுக்க முடியும் என 32 ஆம் விதி கூறுகிறது. தூதர் தாமாக முன்வந்து நீதிமன்றத்தில் உறுதிமொழி கொடுத்தபின் விலக்குரிமை கோர முடியாது என்பது உச்ச நீதிமன்றத்தின் நிலைப்பாடாக இருந்தது. நாட்டின் பெயரால் நீதிமன்றத்துக்கு அளித்த சொல் பொய்த்தால், அதன்பின் எந்தத் தூதரின் சொல்லை எந்த நீதிமன்றம் நம்பும் என்பதே இதன் பின்னிருந்த கவலை. ஆயினும் தூதரைத் தடுப்பது உடன்படிக்கைக்கு முரணானது என ஐரோப்பிய ஒன்றியம் கவலை தெரிவித்தது.

மரண தண்டனைக்குரிய வழக்காக இது அமையாது என்று இந்தியா விளக்கம் அளித்தபின், இத்தாலி தன் முடிவை மாற்றிக்கொண்டது. மார்ச் 22 அன்று இரு வீரர்களும் தில்லி திரும்பினர். அவர்களைத் திருப்பி அனுப்பியதை ஏற்காத இத்தாலிய வெளியுறவு அமைச்சர் சூலியோ தெர்சி மார்ச் 26 அன்று பதவி விலகினார். ஏப்ரல் தொடக்கத்தில் தூதர் மீதான தடையை உச்ச நீதிமன்றம் நீக்கியது.

தாமதமும் மரண தண்டனைக் கேள்வியும்

2013 ஏப்ரலில் வழக்கு தேசியப் புலனாய்வு முகமையிடம் ஒப்படைக்கப்பட்டது. கடற்போக்குவரத்துப் பாதுகாப்புக்கு எதிரான செயல்களைத் தண்டிக்கும் 2002 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் குற்றம் சாட்டப்படுமா என்பது அடுத்த பூசலாயிற்று. கடற் பயங்கரவாதத்தைக் கருதி இயற்றப்பட்ட அச்சட்டத்தில் உயிரிழப்புக்கு மரண தண்டனை விதிக்கப்படலாம். ஒரு நட்பு நாட்டின் படைவீரர்களைப் பயங்கரவாதிகளுக்கு இணையாக்குவதாக இத்தாலி எதிர்த்தது. 2014 பெப்ரவரியில் இத்தாலி தன் தூதரை மீண்டும் திருப்பி அழைத்தது. அதே மாதம் அச்சட்டத்தைப் பயன்படுத்தப் போவதில்லை என நடுவண் அரசு உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. தனி நீதிமன்றத்தில் விசாரணை தொடங்காமலேயே காலம் கடந்தது.

2014 ஆகஸ்ட் இறுதியில் லத்தோரே பக்கவாதத்தால் பாதிக்கப்பட்டார். செப்டம்பரில் மருத்துவத்துக்காக அவர் இத்தாலி செல்ல உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. இந்த அனுமதி பின்னர் பலமுறை நீட்டிக்கப்பட்டது. சிரோனே தில்லியில் உள்ள இத்தாலியத் தூதரகத்தில் தங்கியிருந்தார்.

இரு நாட்டு உறவுகளில் தாக்கம்

வழக்கின் விளைவுகள் இரு நாடுகளுக்கு அப்பாலும் சென்றன. ஐரோப்பிய நாடாளுமன்றம் 2015 சனவரியில் இவ்வழக்கு குறித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. 2012 பெப்ரவரியில் நடந்த இந்திய–ஐரோப்பிய ஒன்றிய உச்சிமாநாட்டுக்கு அடுத்தது 2016 மார்ச்சு வரை கூடவில்லை. 2015 இல் ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டு ஏற்பாட்டில் சேர இந்தியா விண்ணப்பித்தபோது, ஒருமித்த இசைவு தேவைப்படும் அவ்வமைப்பில் இத்தாலி தடையாக நின்றது. சிரோனே தாயகம் திரும்பிய அடுத்த மாதமே, 2016 சூனில், இந்தியா அவ்வமைப்பில் உறுப்பினரானது.

இதே காலத்தில், இத்தாலிய நிறுவனமான பின்மெக்கானிக்காவின் துணை நிறுவனம் அகுஸ்தா வெசுட்லாந்திடம் 12 உலங்கு வானூர்திகள் வாங்கும் ஒப்பந்தத்தில் கையூட்டு நடந்ததாக எழுந்த குற்றச்சாட்டால், 2014 சனவரியில் இந்தியா அவ்வொப்பந்தத்தை நீக்கியது. இவ்விரண்டும் தனித்தனி விவகாரங்கள். எனினும் ஒன்றின் கசப்பு மற்றதன் மீதும் படிந்தது.

பன்னாட்டு நடுவம்

2015 சூன் 26 அன்று இத்தாலி, கடற்சட்ட உடன்படிக்கையின் ஏழாம் இணைப்பின்கீழ் நடுவர் விசாரணையைத் தொடங்கியது. நடுவர் தீர்ப்பாயம் அமையும் வரை இடைக்கால நிவாரணம் கேட்டுப் பன்னாட்டுக் கடற்சட்டத் தீர்ப்பாயத்தையும் அணுகியது. 2015 ஆகஸ்ட் 24 அன்று அத்தீர்ப்பாயம், இரு நாடுகளும் தத்தம் நீதிமன்ற நடவடிக்கைகளை நிறுத்தி வைக்க வேண்டும் என 15க்கு 6 என்ற வாக்குகளில் ஆணையிட்டது. உச்ச நீதிமன்றமும் தன் முன்னிருந்த நடவடிக்கைகளை நிறுத்தி வைத்தது.

ஐந்து நடுவர்கள் கொண்ட தீர்ப்பாயத்துக்கு உருசியாவின் விளாதிமிர் கொலித்சின் தலைமை தாங்கினார். தென் கொரியா, சமைக்கா, இத்தாலி, இந்தியா ஆகிய நாடுகளைச் சேர்ந்தோர் மற்ற நடுவர்கள். 2016 ஏப்ரல் 29 அன்று இத்தீர்ப்பாயம் சிரோனேயின் பிணை நிபந்தனைகளைத் தளர்த்துவது குறித்து இரு நாடுகளும் ஒத்துழைக்க வேண்டும் எனக் கூறியது. இந்தியாவின் அதிகாரம் உறுதியானால் அவர் திரும்பி வர வேண்டும் என்பது நிபந்தனை. அடுத்த மாதம் அவர் இத்தாலி சென்றார். இறுதி வாதங்கள் 2019 சூலையில் த ஹேக்கில் நடைபெற்றன.

நடுவர் தீர்ப்பு (2020)

2020 மே 21 நாளிட்ட தீர்ப்பு சூலை 2 அன்று வெளியிடப்பட்டது. இரு நாடுகளும் தத்தமக்கு வெற்றி என்று கூறிக்கொள்ள இடம் தரும் வகையில் அது அமைந்திருந்தது. அதன் முக்கிய முடிவுகள் வருமாறு:

1. இந்நிகழ்வு 97 ஆம் விதியில் கூறப்படும் கப்பலோட்ட நிகழ்வு அன்று. வீரர்களைக் கைது செய்து விசாரித்ததில் இந்தியா கடற்சட்ட உடன்படிக்கையை மீறவில்லை.

2. ஆயினும் வீரர்கள் இத்தாலிய அரசின் அலுவலர்களாகத் தம் பணியைச் செய்தபோது நிகழ்ந்த செயல் இது. எனவே அவர்களுக்கு விலக்குரிமை உண்டு. இந்தியா அவர்கள் மீது குற்றவியல் நடவடிக்கை எடுக்க இயலாது. இம்முடிவு 3க்கு 2 என்ற பெரும்பான்மையில் எட்டப்பட்டது.

3. இந்தியப் படகின் கடற்பயணச் சுதந்திரத்தை (விதிகள் 87, 90) இத்தாலி மீறியது.

4. உயிரிழப்பு, உடற்காயம், படகின் சேதம், படகுத் தலைவரும் மீனவர்களும் அடைந்த மன வேதனை ஆகியவற்றுக்கு இந்தியா இழப்பீடு பெறத் தகுதியுடையது. தொகையை இரு நாடுகளும் பேசி முடிவு செய்ய வேண்டும்.

5. குற்றவியல் விசாரணையைத் தன் நாட்டில் மீண்டும் தொடங்குவதாக இத்தாலி அளித்த உறுதிமொழி பதிவு செய்யப்பட்டது.

தீர்ப்பின் தருக்கம் கவனிக்கத்தக்கது. விலக்குரிமை என்பது யார் சுட்டார், ஏன் சுட்டார் என்ற கேள்விகளுக்கு விடை அன்று. எந்த நாட்டு நீதிமன்றம் அக்கேள்விகளைக் கேட்கலாம் என்பதை மட்டுமே அது முடிவு செய்கிறது. ஆகவே வீரர்கள் குற்றமற்றவர்கள் என்று தீர்ப்பாயம் கூறவில்லை. குற்றவாளிகள் என்றும் கூறவில்லை.

இழப்பீடும் வழக்கின் முடிவும்

இழப்பீட்டுத் தொகை 10 கோடி ரூபாய் என இரு நாடுகளும் உடன்பட்டன. இது 2012 இல் வழங்கப்பட்ட தொகைக்கு மேலதிகமானது. இறந்த இருவரின் குடும்பங்களுக்கும் தலா 4 கோடி, படகு உரிமையாளருக்கு 2 கோடி எனப் பகுக்கப்பட்டது. பாதிக்கப்பட்டோரைக் கேட்காமலும் பணம் வந்து சேராமலும் வழக்கை முடிக்க உச்ச நீதிமன்றம் மறுத்தது. தொகை செலுத்தப்பட்டபின், 2021 சூன் 15 அன்று இந்தியாவில் நிலுவையில் இருந்த குற்றவியல் நடவடிக்கைகள் அனைத்தையும் நீக்கியது. பணத்தைப் பகிர்ந்தளிக்கும் பொறுப்பு கேரள உயர் நீதிமன்றத்திடம் விடப்பட்டது.

படகில் இருந்து உயிர் தப்பிய மற்ற மீனவர்களுக்கு இப்பகிர்வில் பங்கு இல்லை. தாங்களும் துப்பாக்கிச் சூட்டுக்கு ஆளானவர்கள், நடுவர் தீர்ப்பிலேயே மீனவர்களின் மன வேதனை குறிப்பிடப்பட்டுள்ளது என்று கூறி அவர்கள் உச்ச நீதிமன்றத்தை நாடினர். 2022 நவம்பரில், உரிமையாளருக்கான 2 கோடியிலிருந்து அவர்கள் ஒன்பது பேருக்கும் தலா 5 இலட்சம் ரூபாய் வழங்க நீதிமன்றம் ஆணையிட்டது.

இத்தாலியில் நடந்த விசாரணை 2022 சனவரி 31 அன்று உரோம் நீதிபதி ஒருவரால் முடித்து வைக்கப்பட்டது. வழக்கு விசாரணைக்கு அனுப்பப்படவில்லை. இதனால் இரு மீனவர்களின் இறப்புக்கு எந்த நாட்டிலும் சாட்சிகளை விசாரித்துத் தீர்ப்பு வழங்கப்படவில்லை.

பின்னைய உறவுகள்

சிரோனே நாடு திரும்பியபின் உறவுகள் சீரடையத் தொடங்கின. 2017 அக்டோபரில் இத்தாலியத் தலைமை அமைச்சர் பாவோலோ சென்டிலோனி இந்தியா வந்தார். பத்து ஆண்டுகளுக்குப் பின் இத்தாலியத் தலைமை அமைச்சர் ஒருவர் இந்தியா வந்தது அதுவே முதன்முறை. 2018 இல் சூசெப்பே கோன்டே வந்தார். 2023 மார்ச்சில் தலைமை அமைச்சர் சியார்சியா மெலோனியின் வருகையின்போது இரு நாட்டு உறவு 'உத்திசார் கூட்டாண்மை' நிலைக்கு உயர்த்தப்பட்டது. 2024 நவம்பரில் 2025–2029 காலத்துக்கான கூட்டுச் செயல்திட்டம் அறிவிக்கப்பட்டது.

முக்கியத்துவம்

கப்பல் தொழில் அமைப்புகள் 2015 திசம்பர் முதல் உயர் ஆபத்துப் பகுதியின் கிழக்கு எல்லையை 78 பாகையிலிருந்து 65 பாகைக்குப் பின்னிழுத்தன. இதனை வலியுறுத்தி வந்த இந்தியா காட்டிய காரணங்களில், இந்தியக் கரையோர மீனவர்களின் பாதுகாப்பும் ஒன்று. மேற்குக் கரை மீனவரைப் பொறுத்தவரை இவ்வழக்கின் நேரடிப் பயன் இதுவெனலாம்.

எனினும் கப்பல்களால் வரும் ஆபத்து நீங்கவில்லை. 2017 சூனில் கொச்சிக்கு அப்பாலும், 2018 ஆகஸ்டில் திருச்சூர் மாவட்டக் கடலுக்கு அப்பாலும் கப்பல்கள் மோதியதில் குமரி மாவட்ட மீனவர்கள் உயிரிழந்தனர். மோதல் நிகழ்வுகளுக்கு 97 ஆம் விதி நேரடியாகப் பொருந்துவதால், ஆட்புலக் கடலுக்கு அப்பால் நிகழும்போது அயல்நாட்டுக் கப்பலோட்டிகளை விசாரிக்கும் அதிகாரம் கரையோர நாட்டுக்கு இன்னும் குறைவு.

குமரி மேற்குக் கரையின் ஆழ்கடல் படகுகள் 12 கடல் மைலுக்கு மிக அப்பால் சென்றே தொழில் செய்கின்றன. அங்கு நேரும் உயிரிழப்புக்குத் தீர்வு காண்பது உள்ளூர்க் காவல் நிலையத்தின் கையில் மட்டும் இருப்பதில்லை. கப்பல் எந்தக் கொடியைப் பறக்கவிடுகிறது, சுட்டவர் தனியாரா அரசு அலுவலரா, படகு முறையாகப் பதிவு செய்யப்பட்டதா, நிகழ்விடம் எவ்வாறு குறிக்கப்பட்டது என்பனவே பின்னர் யார் விசாரிப்பது என்பதைத் தீர்மானிக்கின்றன. என்ரிக்கா லெக்சி வழக்கில் இக்கேள்விகளுக்கு விடை காண மட்டும் எட்டு ஆண்டுகள் ஆயின.